முகூர்த்தப் பொம்மையின் கழுத்து

அன்புள்ள செல்விக்கு,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துவிடாதே, நம் வீட்டில் எது தீர்ந்தாலும் பசை தீராது. மதுரையில் நீ வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்குக் கேட்ட இரண்டு ஜோடிப் பொம்மைக் கைகளை எடுத்துக்கொண்டு அப்பா நாளைக் காலையில் பஸ் ஏறுகிறார். பொம்மைக் கைகளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அப்பா படித்தாலும் சரி. நீ படித்து முடித்ததும் மாப்பிள்ளையிடம் கொடுக்கலாம், அவருடைய அத்தை கேட்டால் அவர்களிடமும் கொடுக்கலாம். நான் எழுதப்போவதில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்தின் நடுவில் வந்து யாரும் "சரிம்மா" போட முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்று நடந்ததைத்தான் எழுத வந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடம்பூர் போளியை மாப்பிள்ளையின் அப்பா இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் அந்த அத்தை நம் முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். மூலையில் தலை இல்லாத இரண்டு ஜவுளிக்கடைப் பொம்மை, ஜன்னலோரம் காயப் போட்டிருந்த கைகள், அலமாரி மேல் வரிசையாகச் சவுரி முடி. பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்கள்: "மதினி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கல்யாணத்துக்குப் பொறவும் பிள்ள இந்தப் பொம்மைக்குச் சேல கட்டுத சோலிக்குப் போவாளோ? எங்க வீட்டுப் பொம்பளைய கடைத்தெருவுல நின்னு சோலி பாத்தது இல்ல பாத்துக்கிடுங்க." நான் சொன்னேன், "அத அவகிட்டயே கேளுங்களேன். அவ சோலிதான." எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். குனிந்தது மட்டும் இல்லை, கழுத்தை லேசாக இடது பக்கம் சாய்த்து, இமையைப் பாதி மூடி, விரலால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அடக்கமான பிள்ள" என்று அத்தை திருப்தியாகச் சொன்னார்கள். எனக்கு அந்தத் திருப்தி வரவில்லை.

ஏனென்றால் அந்த நிற்பை எனக்குத் தெரியும். முகூர்த்தப் பட்டு கட்டுகிற பொம்மைக்கு அந்தக் கழுத்துச் சாய்வைச் சொல்லி உன் அப்பாவைச் செய்ய வைத்தவளே நான்தான். அதை விவரமாகச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வர வேண்டும். உனக்குப் பாதி தெரியும், மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அவருக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி பம்பாயிலிருந்து இரண்டு பெண் பொம்மைகளை லாரியில் வரவழைத்தார். அதுவரை அவர் கடையில் சேலை என்றால் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவதுதான். வைக்கோல் சுற்றி வந்த பொம்மைகள் விரல் உடைந்து வந்து சேர்ந்தன. அப்போது உன் அப்பா தண்ணீர்த் தொட்டிக்கும் வேன் கூரைக்கும் ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு விரலை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார். அடுத்த சிக்கல் சேலை. கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆளுயரப் பெண் பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர்கள் கொசுவம் வைக்க, கண்ணாடிக்கு வெளியே கூட்டம் கூடி விசில் அடித்தது. அண்ணாச்சிக்கு மானம் போய்விட்டது. அப்பாவிடம், "ஒங்க வீட்டுல அவிய வந்து கட்டி விடுவாவளா, கேட்டுப் பாரும்" என்றிருக்கிறார். அப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஆசைப்பட்டு வந்தேன் என்று கதை விட மாட்டேன். காலையில் கடை திறக்கும் முன்னே, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். என் அண்ணன், அதுதான் உன் தாய்மாமா, அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கட்டக் கட்டத்தான் பம்பாய்ப் பொம்மையின் கோளாறு தெரிந்தது. அதற்கு இடுப்பே கிடையாது. கொசுவத்தைச் செருகினால் அப்படியே வழுக்கி இறங்கும். பழைய வேட்டியை மடித்து இடுப்பில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கி, அதில்தான் செருக வேண்டும். ரவிக்கைத் துணியை முன்பக்கம் அழகாக இழுத்து, முதுகில் ஊசியும் கிளிப்புமாகக் குத்தி நிறுத்த வேண்டும். முன்னால் மகாலட்சுமி, பின்னால் கசாப்புக்கடை. நான் தினமும் இதைச் சொல்லிப் புலம்ப, ஒரு நாள் உன் அப்பா, "நிறுத்து தாயி. இடுப்புள்ள பொம்மையா நானே செஞ்சு தாரேன்" என்றார். களிமண்ணில் உருவம் பிடித்து, அதற்கு மேல் சுண்ணாம்பு மாவில் அச்செடுத்து, அச்சுக்குள் ஃபைபரை ஒட்டி உரித்து எடுத்தார். சித்திரை வெயிலில் கெமிக்கலைக் கலக்கிக் கையில் எடுப்பதற்குள் குவளையிலேயே கல்லாகிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் பெயிண்ட் அடித்தால் கரிசல் தூசி வந்து ஒட்டி, பொம்மைக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். நம் ஊர் வானிலை பொம்மைத் தொழிலுக்கு வாகானதே இல்லை. ஆனாலும் செய்தோம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சேலை நிற்கிற இடுப்போடு பொம்மை வந்தது உன் அப்பா கையால்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

இனி எட்டயபுரம் கதை. நீ உன் சிநேகிதிகளிடம் இதைச் சிரிப்பாகத்தான் சொல்லியிருப்பாய், எனக்கு அதில் வேறொன்றும் இருக்கிறது. எட்டயபுரத்தில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடைக்கு நாம் சொந்தமாகச் செய்த முதல் பொம்மையைக் கொண்டுபோனோம். பொம்மையை அம்மணமாகத் தெருவில் கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். வீட்டில் கைக்குக் கிடைத்தது அப்பாவின் வெளுத்த வேட்டி. தலை முதல் கால் வரை சுற்றி, அவிழாமல் இருக்க மூன்று இடத்தில் கட்டி, திறந்த வேனில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்ததால் தலைமாட்டில் இரண்டு ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தேன். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்தடுத்து வேலை இருந்ததால் சவரம் செய்யாத முகத்தோடு, பொம்மை உருளாமல் பிடித்தபடி பக்கத்தில் உன் அப்பா. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். எட்டயபுரம் ரோட்டில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இந்த ஊர்க்காரர்கள்தான் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று நான் முன்னால் இருந்து பூரித்துக்கொண்டே போனேன்.

கடை வாசலில் வேன் நின்றதும் அந்தக் கடைக்காரர் ஓடி வந்து பார்த்தார். மாவிலைத் தோரணம் இன்னும் வாடவில்லை. மனுஷன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "ஏவே, கட தொறந்து நாலு நாளு ஆகல. வாசல்ல பொணத்தக் கொண்டாந்து எறக்குதீரே, நீரு நல்லா இருப்பீரா?" அப்பா பதறி, "அண்ணாச்சி, பொணம் இல்ல, பொம்ம, பொம்ம" என்கிறார், தலையில் கிடந்த துண்டை எடுக்கத் தோன்றவில்லை. அவரோ, "எதுவா இருந்தாலும் சரி, வெள்ளத்துணி சுத்துனது எங்க கடப் படி ஏறக் கூடாது, திருப்பிக் கொண்டுட்டுப் போங்க" என்று உள்ளே போய்விட்டார். தெருவே கூடிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவர் உழைத்த உழைப்பு அந்த வேட்டிக்குள் கிடந்தது. திருப்பிக் கொண்டுபோனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் நம் பொம்மையை வாங்க மாட்டார்கள், அது நிச்சயம். எனக்கு அப்போது வெட்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. விறுவிறுவென்று கடைக்குள் போனேன். "அண்ணாச்சி, இருக்கிறதுலயே செவப்பா ஒரு சேல குடுங்க" என்றேன். அவர் திகைத்துப்போய் ஒரு சுங்கடிச் சேலையை எடுத்துக் கொடுத்தார். வேன் மேல் ஏறினேன். பொம்மையை நிமிர்த்தி அப்பாவைப் பிடிக்கச் சொல்லி, மூன்று கட்டையும் அவிழ்த்து, வேட்டி மேலேயே சேலையைச் சுற்றி, கொசுவம் வைத்து, மாராப்பைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே இருந்த வெள்ளையை உருவினேன். இத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், நடுத்தெருவில். பூக்காரி ஒருத்தி கேட்காமலே ஒரு முழம் மல்லிகையைத் தூக்கிப் போட்டாள். "நல்லாக் கட்டுதிய மதினி" என்றாள். கடைக்காரர் வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்துவிட்டார்கள். பொம்மைக்கு ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது அப்பா சொன்னார், "இனும நீ ஷட்டர எறக்காத." நான் இறக்கவும் இல்லை.

அன்றிலிருந்துதான் நம் வீட்டில் அந்த வழக்கம் வந்தது. எந்தப் பொம்மையும் கலர்ச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துத்தான் வாசல் தாண்டும். ரெடிமேட் துணி தைக்கிற புதியம்புத்தூருக்குப் போகிற பிள்ளைப் பொம்மைகளுக்குக் கூட உன் பழைய பாவாடையைக் கட்டித்தான் அனுப்பினேன், நீ அழுதாய். "அவிய வீட்டுல வாரம் ஒரு பொண்ணக் கெட்டிக் குடுக்காவ" என்று தெருவில் கேலி பேசினார்கள். அந்தக் கேலி இப்போது நிஜமாகப் போகிறது, அதை நினைத்தால் வேலை ஓடவில்லை.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். முகூர்த்தப் பட்டு வைக்கிற பொம்மைக்குத் தலை குனிந்திருக்க வேண்டும் என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை. கல்யாணப் பெண் என்றால் வெட்கப்பட வேண்டுமாம். நானும் அதுதான் அழகு என்று நம்பினேன். அப்பா கழுத்தை அறுத்து, நான் சொன்ன சாய்வில் திரும்ப ஒட்டிக் கொடுப்பார். என் கல்யாண போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அளவு சொன்னேன். அந்தக் கழுத்தோடு கோவில்பட்டியில், கழுகுமலையில், சாத்தூரில் எத்தனையோ பொம்மை நின்றது. ஒன்றும் குறை இல்லை. யாரும் குறை சொன்னதும் இல்லை, நீ சொல்லும் வரைக்கும்.

காலேஜ் முடிக்கிற வருஷம் தீபாவளிக்கு முன்னே, பஜார் அண்ணாச்சி கடைக்கு என்னோடு வந்தாய். நான் உள்ளே பொம்மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நீ எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாய். எனக்குக் கோபம். வேலையைப் பார்க்காமல் வேடிக்கை பார்க்கிறாளே என்று. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு வந்து அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னாய்: "பெரியப்பா, ரோட்டுல போறவிய ஒருத்தரும் நிக்கல. இந்தப் பொம்ம தரையப் பாத்துக்கிட்டு நிக்குது. தரையப் பாக்குத பொம்ம யாரக் கூப்பிடும்?" அண்ணாச்சி சிரித்தார். "கல்யாணப் பொண்ணு தல குனிஞ்சாத்தான்ட்டி லெச்சணம்." நீ விடவில்லை. "தீவாளிக்குச் சேல எடுக்க வாரது யாரு? தீப்பெட்டி ஆபீஸ்ல போனஸ் வாங்கிட்டு வார பிள்ளைய. அவிய இதப் பாத்தா யாரோ ஊருக்குப் புதுசா வந்தவளோன்னு நெனைச்சிட்டுப் போயிருவாவ. எனக்கு ஒரு வாட்டி விட்டுப் பாருங்க." "விக்கலன்னா?" "விக்கலன்னா அப்பா பழையபடி கழுத்த ஒட்டித் தருவாவ." நான் நடுவில் புகுந்து உன்னை அடக்கத்தான் பார்த்தேன். அண்ணாச்சிதான், "இருங்க தங்கச்சி, பிள்ள பேசட்டும்" என்றார்.

அப்பா ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பெத்த அப்பனையே கழுத்த அறுக்கச் சொல்லுதியே" என்று கேட்டுக்கொண்டேதான் அறுத்தார். கழுத்தை நிமிர்த்தினாய். கைகளைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றினாய். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை விட்டு வேனிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள் மாதிரி ஐந்து பேரைக் கண்ணாடிக்குள் நிறுத்தினாய். ஒருத்தி இன்னொருத்திக்குப் பூ வைக்கிறாள். ஒருத்தி தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். நடுவில் முகூர்த்தப் பட்டில் அந்தப் பழைய கல்யாணப் பொம்மை, முகத்தை நிமிர்த்தி, ரோட்டை நேராகப் பார்த்தபடி. அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய அந்தத் தூக்குவாளியில் நெளிசல் கூட இருந்தது. மாற்றுகிறேன் என்றதற்கு நீ என்னை அடிக்காத குறைதான்.

போனஸ் போட்ட அன்று நானும் அந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். வேன் வந்தது. பிள்ளைகள் கூட்டமாக இறங்கி, பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். போனவர்களில் ஒருத்தி நின்றாள். "ஏட்டி மாரி, இங்கன வா. ஒன்ன மாதியே வாளிய ஆட்டிக்கிட்டு நிக்கா பாரு." மாரி வந்து பார்த்தாள். "எனக்கு எங்கட்டி இம்புட்டு மூக்கு?" என்றாள். ஒரே சிரிப்பு. பிறகு மாரி நடுவில் நின்ற பொம்மையைப் பார்த்தாள். நின்று பார்த்தாள். "இவளுக்குக் கல்யாணம் போல. எப்பிடி நிக்கா பாரு, பயமே இல்லாம" என்றாள். சொல்லிவிட்டுத்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். என் மகள் என்கிற பெருமை ஒரு பக்கம், இத்தனை வருஷம் சேலையை மட்டுமே பார்த்தேனே, ஆளைப் பார்க்கவில்லையே என்கிற நினைப்பு ஒரு பக்கம். அண்ணாச்சி அந்தக் கழுத்தைத் திரும்ப மாற்றச் சொல்லவே இல்லை.

அந்தச் செல்வியைத்தான் நான் அன்று முன்னறையில் தேடினேன். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அத்தனை கிளைகளுக்கும் நீயே கண்ணாடிக்குள் பொம்மைக் காட்சி வைக்கலாம் என்று அழைப்பு வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு பதில் சொல்ல வேண்டும். இதை நீ மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? நல்ல இடம், கைவிட்டுப் போய்விடும் என்று பயமா? எங்களுக்காகப் பயந்தாயா? அப்படியானால் அந்தப் பயத்தை எங்கள் தலையில் கட்டாதே. அப்பாவுக்கு மூட்டு வலி, எனக்கு ஊசிக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான். மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் கல்லுப் போல இருக்கிறோம்.

அத்தையோடு சண்டை போடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. மனதில் இருந்ததை முகத்துக்கு நேரே கேட்டார்கள், எனக்கு அது பிடித்தது. பதில் சொல்லாமல் நின்றவள் நீதான். முன்னால் அழகாக இழுத்துவிட்டுப் பின்னால் ஊசி குத்தி நிறுத்துகிற வித்தையைப் பொம்மையோடு வைத்துக்கொள். பொம்மைக்கு வலிக்காது. நீ அப்படி நின்றால் ஒரு மாதம் நிற்பாய், ஒரு வருஷம் நிற்பாய், பிறகு திரும்பும்போதெல்லாம் குத்தும். கடைசியில் ஊசி குத்தியது யார் என்று அந்த வீட்டு ஆட்கள் மேல் பழி போடுவாய். அவர்கள் பாவம், அவர்களுக்கு நீ முதுகைக் காட்டவே இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ தலையைக் குனிந்திருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். அத்தை பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை எழுந்து ஜன்னலோரம் போனார். காயப் போட்டிருந்த கைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவிடம் மெதுவாக, "மாமா, இதுல எந்த வெரலு ஒட்டுனது? கண்டே பிடிக்க முடியலியே" என்று கேட்டார். அப்பா காட்டிக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தடவிப் பார்த்துக் கடைசியில் தானே கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கு வரைக்கும் அப்பா அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார். வேலையைப் பார்த்து வேலை என்று தெரிந்துகொள்கிற கண் அது. அந்தப் பையனிடம் பேசுவதற்கு நீ ஏன் பயப்பட வேண்டும்? பயந்துகொண்டே போனாயானால் நஷ்டம் அவருக்கும்தான்.

சரி, இனி நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு "ஏம்மா சொல்லல" என்று குதிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக எடுத்துப் போய் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வைப்போம் இல்லையா? முதல் தட்டில் தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம். அடுத்த தட்டில் உன் வேலைப் பெட்டியை வைக்கப் போகிறேன். ஊசி, கிளிப், சணல் கயிறு, தூரிகைகள், தோல் நிறப் பெயிண்ட், அப்பா செய்து கொடுத்த மாற்று விரல்கள் எல்லாம் துடைத்து அடுக்கியாயிற்று. மேலே போர்த்த எட்டயபுரத்துச் சிவப்புச் சுங்கடி. அந்தச் சேலையைக் கடைக்காரர் பிறகு எனக்கே கொடுத்துவிட்டார், உனக்குத் தெரியும். தட்டைத் தூக்கி வரப்போவது உன் தாய்மாமா பெண்டாட்டி. மாமாவே ஆள் அனுப்பிக் கேட்டார், நம்பினால் நம்பு.

அத்தை அந்தத் தட்டைப் பார்ப்பார்கள். "இது என்ன?" என்று கேட்பார்கள். கேட்கிற ஆள்தான் அவர்கள். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அப்பாவுக்கும் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பெட்டி வேண்டாம், இந்த வேலை போதும் என்று உனக்கே மனதாரத் தோன்றியிருந்தால், அதையும் நீதான் சொல்ல வேண்டும். நான் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். எது சொன்னாலும் நீ என் மகள்தான், அதில் மாற்றம் இல்லை. அந்த நேரத்தில் மண்டபம் மொத்தமும் உன் முகத்தைத்தான் பார்க்கும். நான் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வரிசையில், உனக்கு நேர் எதிரே, அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். நீ எங்கே பார்க்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா